‘அன்செயின்ட் மெலடி’: ஒரு கைதியின் பாட்டு கைமாறிய கதை

நம்மிடம் ஒரு பாட்டின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி ‘எந்தப் படம்?’ என்பதாகத்தான் இருக்கும். படம் நினைவில்லாதவர்கள்கூட நடிகரையோ இசையமைப்பாளரையோ சொல்லிப் பாட்டுக்கு ஓர் ஊரும் பேரும் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தோடு ‘அன்செயின்ட் மெலடி’ என்ற ஆங்கிலப் பாட்டை அணுகுபவர் திகைத்துப் போவார். அதுவும் சினிமாப் பாட்டுதான். பாட்டின் தலைப்பிலேயே படத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் பாட்டைக் கேட்டு உருகும் பெரும்பாலோருக்கு அந்தப் படம் ஒன்று இருந்ததே தெரியாது. தெரிந்தவர்களிலும் அதைப் பார்த்தவர்கள் சொற்பம். ‘எந்தப் படம்?’ என்று கேட்டால் குயவுச் சக்கரத்தின் முன் டெமி மூர் அமர்ந்திருக்க, பின்னால் பேட்ரிக் ஸ்வேஸி வந்து உட்காரும் ‘கோஸ்ட்’ படத்தைத்தான் சொல்வார்கள். ‘கோஸ்ட்’ வெளிவந்தது 1990ஆம் ஆண்டில். பாட்டு பிறந்தது அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறைச்சாலைப் படத்தில்.

நானும் ‘கோஸ்ட்’ வழியாகத்தான் இந்தப் பாட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீடியோ கேசட் காலத்தில் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, பாட்டின் பழைய பதிவுகளையும் அதற்கும் பழைய பதிவுகளையும் தேடிக் கேட்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பல நூறு பேர் பாடிய பாட்டு இது; எல்லாவற்றையும் கேட்டு முடிக்க ஓர் ஆயுள் போதாது. கேட்டவற்றை வைத்து எனக்கு ஓர் அளவுகோல் அமைந்திருக்கிறது. பாட்டின் முதற்பகுதியில் ஒரு கேள்வி வருகிறது. நாள் நகர மறுக்கிறது, காலம் எதையும் மாற்றிவிடக் கூடியது என்று சொல்லிக்கொண்டே வந்து, ‘நீ இன்னும் எனக்குரியவள்தானா?’ என்று பாடுபவர் கேட்கிறார். பதில் தெரியாதவர் கேட்கும் கேள்வி அது. அதைக் கேள்வியாகவே பாடியவர்களின் பதிவுகள் நிலைத்து நிற்கின்றன என்பதும், பதில் தெரிந்த காதலர் கொஞ்சுவதுபோலப் பாடியவர்களின் பதிவுகள் எவ்வளவு விற்றிருந்தாலும் வெளிறிப் போய்விட்டன என்பதும் என் தீர்ப்பு. அந்தக் கேள்வி ஏன் அங்கே இருக்கிறது என்று அறிய 1955ஆம் ஆண்டுப் படத்துக்குத்தான் போக வேண்டும்.

‘அன்செயின்ட்’ (சங்கிலி நீங்கிய என்று பொருள்) என்ற அந்தப் படத்தை எழுதி, தயாரித்து, இயக்கியவர் ஹால் பார்ட்லெட். கலிஃபோர்னியாவின் சினோ என்னும் ஊரில் 1941இல் திறக்கப்பட்ட சிறையின் கதை அது. அதன் முதல் கண்காணிப்பாளரான கென்யன் ஸ்கடர், கைதிகளும் மனிதர்களே என்ற கொள்கையோடு மதில் சுவர் இல்லாத சிறை ஒன்றை நடத்திக் காட்டினார். தம் அனுபவத்தை ஒரு நூலாகவும் எழுதினார். அந்த நூலைத் தழுவியே படம் எடுக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரமான எல்ராய் ஹிர்ஷ் கதாநாயகனாகவும், பார்பரா ஹேல் அவருடைய மனைவியாகவும் நடித்தார்கள். கதையின் முடிச்சு மிக எளியது. வேலியைத் தாண்டிவிட்டால் கதாநாயகன் இன்றே மனைவியிடம் போகலாம், ஆனால் வாழ்நாள் முழுவதும் ஓடி ஒளிய வேண்டும். தண்டனைக் காலம் முடியும்வரை பொறுத்திருந்தால் தலைநிமிர்ந்து வீடு திரும்பலாம், ஆனால் அதுவரை அவள் காத்திருப்பாளா என்பது நிச்சயமில்லை. மதில் இல்லாத சிறையில் ஒருவரைக் கட்டி வைத்திருப்பது அவருடைய முடிவு மட்டுமே.

படப்பிடிப்பு சினோ சிறையிலேயே நடந்தது. அப்போது அங்கே கைதியாக இருந்தவர்களில் ஒருவர், ஜாஸ் உலகம் அறிந்த சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன். சிறை இசைக்குழுக் காட்சியில் அவர் திரையில் தெரிகிறார். பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை, அவர் வாசித்ததாகத் திரையில் காட்டப்படும் இசையையும் வேறொருவர் வாசித்துச் சேர்த்திருக்கிறார்கள். பிற்காலத்தில் ஆஸ்கர் விருதுக்குச் சிறந்த நடிகராகப் பரிந்துரைக்கப்பட்ட அதே டெக்ஸ்டர் கார்டன்தான் அவர். படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று ஜாஸ் ரசிகர்கள் நினைப்பதற்கு இந்த ஒரு காட்சியே போதுமானது.

படத்துக்கு இசையமைத்தவர் அலெக்ஸ் நார்த். 1951இல் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ படத்துக்கு ஜாஸ் சாயல் கொண்ட பின்னணி இசையைத் தந்து ஹாலிவுட்டின் காதுகளைத் திருப்பியவர். பின்னாளில் ‘ஸ்பார்டகஸ்’ படத்துக்கு இசையமைத்தவர். ஆஸ்கருக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் போட்டியில் ஒருமுறைகூட வெல்லாத அவருக்கு 1986இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். ஒரு திரை இசையமைப்பாளருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதல்முறை. சொற்களை எழுதியவர் ஹை ஸாரெட், சட்டம் படித்துவிட்டுப் பாட்டெழுத வந்தவர். நார்த் தொலைபேசியில் கேட்டபோது ஸாரெட் தம் வீட்டுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார் என்றும், நேரமில்லை என்று முதலில் மறுத்துவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. படத்தின் பெயரைப் பாட்டுக்குள் எங்காவது வைக்கும்படி கேட்டதற்கும் அவர் இணங்கவில்லை. நல்லதாயிற்று என்றே நினைக்கிறேன். சங்கிலி, விடுதலை என்று ஒரு சொல் பாட்டுக்குள் வந்திருந்தால் அது சிறையை விட்டு வெளியே வந்திருக்காது. கூடவே இவ்வளவு வீடுகளுக்குள் புகுந்திருக்கவும் முடியாது. அதே ஸாரெட் பின்னாளில் சூரியன் ஏன் ஒளிர்கிறது என்று குழந்தைகளுக்கு விளக்கும் அறிவியல் பாட்டுகளையும் எழுதினார். 2007இல், நூறாவது பிறந்தநாளை எட்டச் சில வாரங்களே இருந்தபோது காலமானார். இடையில் ஒரு மின்பொறியாளர், ‘ஹை ஸாரெட்’ என்பது தம் புனைபெயர்தான் என்றும் பாட்டைத் தாமே இளம்வயதில் எழுதியதாகவும் உரிமை கோரினார்; அந்த வழக்கு ஸாரெட்டுக்குச் சாதகமாகவே முடிந்தது. ஒரு பாட்டு பெரும்புகழ் பெற்றுவிட்டால் அதற்குப் பல தகப்பன்மார் முளைப்பது எங்கும் நடப்பதுதான்.

பாட்டின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நீண்ட ஒரு முதற்பகுதி, அதிலிருந்து விலகிப் போகும் ஒரு நடுப்பகுதி, மீண்டும் முதற்பகுதி. அவ்வளவுதான். இரண்டாவது சரணம் என்று ஒன்று இல்லை. கதையில் முன்னேற்றமும் இல்லை. பாடுபவர் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து அதே சொற்களை மறுபடியும் சொல்கிறார். நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்குச் சொல்வதற்கு வேறென்ன இருக்க முடியும்? நடுப்பகுதியில் நதிகள் கடலை நோக்கி ஓடுகின்றன, ‘எனக்காகக் காத்திரு’ என்று பெருமூச்சு விடுகின்றன, வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்கின்றன. நதிகள் போய்ச்சேரும், தடுப்பார் இல்லை. சொல்லிக்கொண்டிருப்பவரால்தான் போக முடியவில்லை. 1965இல் ரைச்சஸ் பிரதர்ஸ் என்ற இருவர் குழு பாடிய சுருதியில் எடுத்துக்கொண்டால், முதற்பகுதி சி மேஜர், ஏ மைனர், எஃப், ஜி என்ற நான்கு கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களை, சுற்றி வருகிறது. 1950களின் அமெரிக்கப் பாட்டுகளில் பாதி இந்த நான்கின் மேல்தான் நிற்கின்றன; கிட்டார் கற்றுக்கொள்ளத் தொடங்கிய எவரும் ஒரு மாலையில் பழகிவிடலாம். நடுப்பகுதியிலோ மெட்டு எஃப்புக்கும் ஜிக்கும் நகர்ந்து, எதிர்பாராத இ-ஃபிளாட்டில் ஒரு கணம் கால் வைத்துவிட்டுத் திரும்புகிறது. பழகிய வீட்டில் பழகாத ஓர் அறைக்குள் நுழைந்துவிட்ட உணர்வைத் தருவது அந்த ஒரு கார்டுதான். பின்னாளில் நாம் கேட்டுப் பழகிய பதிவுகள் எல்லாம் நான்கு தட்டும் திஸ்ர நடையில் மும்மூன்றாகப் பிரியும் தாளத்தில் அசைகின்றன. அந்த அசைவுதான் மெதுவான பாட்டைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

படத்தில் இதைப் பாடியவர் டாட் டங்கன். சிறைக்குள், கிட்டார் துணையோடு, ஒரு கைதியாக அவரே திரையில் தோன்றிப் பாடுகிறார். இன்று அவர் பெயரை இந்தப் பாட்டோடு சேர்த்துச் சொல்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு ஆறாத வருத்தம். 1935இல் ஜார்ஜ் கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’ என்ற இசைநாடகம் முதன்முதலாக மேடையேறியபோது போர்கியாகப் பாடியவர் அவர்தான். மறு ஆண்டு வாஷிங்டனின் நேஷனல் தியேட்டரில் அந்த நாடகம் நடக்கவிருந்தபோது, கறுப்பினத்தவர் தனி வரிசையில் உட்கார வேண்டும் என்ற விதி இருக்கும்வரை பாட மாட்டேன் என்று நின்று, அந்த விதியைத் தளர்த்த வைத்தவர். 1945இல் நியூயார்க் சிட்டி ஓபராவில் பாடிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கரும் அவரே. இத்தனை பெருமை கொண்ட அந்தப் பாரிடோன் (நடுத்தர ஆண்) குரல், இந்தப் பாட்டில் தன் வலிமையைக் காட்ட முயலவே இல்லை. அறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் எட்டினால் போதும் என்ற அளவில் அடங்கி ஒலிக்கிறது. ‘நீ இன்னும் எனக்குரியவள்தானா?’ என்ற வரியில் அழுத்தம் கூடவில்லை, நடுக்கமும் இல்லை. அதைக் கேட்டுக்கேட்டுப் பழகிப்போன ஒருவர் இன்னொருமுறை கேட்கிறார். அதைவிடத் துல்லியமாக அந்த வரியைப் பாடிவிட முடியாது.

பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1956இல் நடந்த விழாவில் ஹாரி பெலஃபான்டே மேடையில் பாடினார். விருது ‘லவ் இஸ் எ மெனி-ஸ்ப்ளெண்டர்ட் திங்’ பாட்டுக்குப் போயிற்று. ஆனால் அதற்குள்ளாகவே பாட்டு படத்தை உதறிவிட்டுத் தனியே நடக்கத் தொடங்கியிருந்தது.

1955இல் அமெரிக்காவில் பாட்டு வணிகம் நடந்த விதம் இன்றைய கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். ஒரு பாட்டு என்பது அதை வெளியிட்ட இசைப் பதிப்பகத்தின் சொத்து. அதை எத்தனை பேர் பாடிப் பதிவு செய்கிறார்களோ அத்தனைக்கும் பதிப்பகத்துக்கு வருமானம் வரும். ஆகவே ஒரு மெட்டு எடுபடும் என்று தோன்றியதும் ஒவ்வொரு இசைத்தட்டு நிறுவனமும் தன்னிடம் இருக்கும் பாடகரைக் கொண்டு அவசரமாகப் பதிவு செய்து கடைக்கு அனுப்பும். வாங்குபவருக்கும் பாட்டுதான் முக்கியம். எந்தக் குரலில் என்பது அடுத்த கேள்வி. அந்த ஆண்டு வசந்தத்தில் லெஸ் பாக்ஸ்டர் குழுவின் சேர்ந்திசைப் பதிவு, அல் ஹிப்ளரின் பதிவு, ராய் ஹாமில்டனின் பதிவு ஆகிய மூன்றும் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் ஏறின. பிரிட்டனிலோ ஹிப்ளர், பாக்ஸ்டர், ஜிம்மி யங், பியானோ கலைஞர் லிபராச்சி என நால்வரின் பதிவுகள் ஒரே சமயத்தில் முதல் இருபதுக்குள் இருந்தன. ஒரே பாட்டுக்கு நான்கு கடைகளில் நான்கு கூட்டம். அசல் எது, நகல் எது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை; முதலில் பாடிய டங்கனின் பதிவு இந்தப் பந்தயத்தில் இல்லவே இல்லை.

பாக்ஸ்டரின் பதிவு அக்கால வானொலிக்கு ஏற்ற தேன்பாகு. ஒரு கூட்டமே சேர்ந்து தனிமையைப் பற்றிப் பாடுவதில் இருக்கும் முரண் யாரையும் உறுத்தவில்லை போலும். ஹிப்ளர் வேறு வகை. பிறவியிலேயே பார்வையற்றவர், டியூக் எலிங்டனின் குழுவில் எட்டு ஆண்டுகள் பாடியவர். சொற்களின் விளிம்புகளை வளைத்து, இழுத்து, எதிர்பாராத இடத்தில் உறுமலாக ஆக்கிவிடுவது அவர் பாணி. 1963இல் பர்மிங்ஹாமில் கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டு கைதானவர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆனால் இந்தப் பாட்டின் வரலாற்றில் திருப்புமுனை என்று நான் கருதுவது ராய் ஹாமில்டனைத்தான். தேவாலயப் பாட்டிலும் மேல்நாட்டுச் செவ்வியல் பாட்டிலும் ஒருசேரப் பயின்ற குரல் அது. மெதுவாகத் தொடங்கி, படிப்படியாகக் குரலைத் திறந்து, கடைசியில் அரங்கமே அதிரும்படி முடிப்பது என்ற வடிவத்தை இந்தப் பாட்டுக்குக் கொடுத்தவர் அவர். அவருக்குப் பின் வந்தவர்கள், ஏறக்குறைய எல்லோருமே, அறிந்தோ அறியாமலோ அந்த ஏற்றத்தைத்தான் ஏறுகிறார்கள். டங்கனின் கைதி முணுமுணுத்தான். ஹாமில்டனின் கைதி மன்றாடுகிறான். ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் அந்தப் பதிவு முதலிடம் பிடித்தது.

பிரிட்டனில் வென்றவர் ஜிம்மி யங். 1955 ஜூனில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்த அந்தப் பதிவு, ஒழுங்காகத் தலைவாரிய பதிவு, வேறொன்றும் சொல்வதற்கில்லை. அவர் பின்னர் பிபிசி வானொலியில் பல பத்தாண்டுகள் நேயர்களின் நண்பராக இருந்தார். பாடகர் என்பதையே பலர் மறந்துவிட்டார்கள்.

அடுத்த பத்தாண்டில் பாட்டு பல கைகளுக்குப் போனது. ஜீன் வின்சென்ட் பாடினார், சாம் குக் பாடினார். 1963இல் நியூயார்க்கைச் சேர்ந்த ‘விட்டோ அண்ட் தி சல்யூட்டேஷன்ஸ்’ என்ற இளைஞர் குழு இதைத் துள்ளலான டூ-வாப் (குரல்கள் அடுக்கிப் பாடும் பாணி) பாட்டாக ஆக்கி ஓடவிட்டது. காலம் நகரவில்லை என்ற புலம்பலை அவ்வளவு வேகத்தில் பாடியதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன், ஆனாலும் அதை அடிக்கடி கேட்பேன்.

1965இல் கலிஃபோர்னியாவின் ரைச்சஸ் பிரதர்ஸ் இதை எடுத்துக்கொண்டார்கள். சகோதரர்கள் என்பது பெயரில் மட்டும்தான். ஆழ்ந்த கீழ்க்குரல் கொண்ட பில் மெட்லியும், மேல்ஸ்தாயியில் அனாயாசமாக உலவும் பாபி ஹாட்ஃபீல்டும் சேர்ந்த இணை அது. ‘யூ’வ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலின்’ என்ற பாட்டின் மூலம் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் அவர்களை உச்சிக்கு ஏற்றியிருந்தார். ஸ்பெக்டரின் கவனமெல்லாம் சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டாக, வெளிவரும் பாட்டின் மீதுதான். ஒரே சமயத்தில் பல கிட்டார்கள், பல பியானோக்கள் என்று அடுக்கி எழுப்பும் ஒலிச்சுவர் அவருடைய அடையாளம். நீள் இசைத்தட்டை நிரப்பும் மற்றப் பாட்டுகளைத் தயாரிக்கும் வேலையை அவர் மெட்லியிடம் விட்டிருந்தார். ஒவ்வொரு தட்டிலும் ஆளுக்கொரு தனிப்பாட்டு என்பது இருவருக்கும் இருந்த உடன்பாடு. இந்தப் பாட்டு இருவருக்குமே வேண்டியிருந்ததால் நாணயம் சுண்டிப் பார்த்ததாகவும் ஹாட்ஃபீல்ட் வென்றதாகவும் மெட்லி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த நாணயம் மறுபக்கம் விழுந்திருந்தால் மெட்லியின் கனத்த குரலில் வேறு ஒரு நல்ல பாட்டு கிடைத்திருக்கும். நாம் அறிந்த பாட்டு கிடைத்திருக்காது.

அந்த ஆண்டு ஜூலையில் வெளிவந்த ‘ஹங் ஆன் யூ’ என்ற சிங்கிளின் மறுபக்கத்தில் இதை வைத்தார்கள். ஜெர்ரி காஃபின், கரோல் கிங் ஆகியோருடன் சேர்ந்து ஸ்பெக்டர் எழுதி, தம் முழு ஆற்றலையும் செலவிட்டு எழுப்பிய பாட்டு ‘ஹங் ஆன் யூ’. மறுபக்கத்தில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று இருந்தால் வானொலி அறிவிப்பாளர்கள் அதைச் சீண்ட மாட்டார்கள், முன்பக்கமே ஒலிக்கும் என்பது கணக்கு. அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். ‘அன்செயின்ட் மெலடி’ பில்போர்டில் நான்காவது இடம்வரை ஏறியது. ‘ஹங் ஆன் யூ’வை இன்று நினைவு வைத்திருப்பவர்கள் ஸ்பெக்டர் ஆய்வாளர்கள்தாம். தட்டின் முதல் அச்சுகளில் தயாரிப்பு என்று மெட்லியின் பெயர் இருந்தது. பாட்டு ஏறத் தொடங்கிய பின் வந்த அச்சுகளில் ஸ்பெக்டரின் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. யார் தயாரித்தது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. என் காது மெட்லியின் பக்கம் சாய்கிறது. ஸ்பெக்டர் என்றால் இத்தனை வெற்றிடத்தைச் சகித்திருக்க மாட்டார். தொடக்கத்தில் தயங்கித் தயங்கி வரும் ஒற்றைக் கிட்டார், அதன் மேல் எந்தத் துணையும் இல்லாமல் நிற்கும் குரல், மெல்ல மெல்லச் சேரும் தந்திக் கருவிகள் என்று இந்தப் பதிவு ஒரு மனிதருக்கு நிற்க இடம் விட்டுக் கட்டப்பட்டிருக்கிறது.

ஹாட்ஃபீல்ட் செய்ததைச் சொல்ல வேண்டும். முதற்பகுதியை மென்மையாகவே பாடுகிறார். கேள்வி வரும் இடத்தில் குரல் சற்றே பின்வாங்குகிறது. நடுப்பகுதியின் நதிகளும் அடங்கித்தான் ஓடுகின்றன. முதற்பகுதி இரண்டாம்முறை வரும்போதுதான், ‘உன் அன்பு எனக்கு வேண்டும்’ என்ற வரியில், கீழே இறங்க வேண்டிய மெட்டை மேலே தூக்கி எறிகிறார். முழுக்குரலுக்கும் கள்ளக்குரலுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக அது கிழிந்து ஒலிக்கிறது. நார்த் எழுதிய மெட்டில் அந்தத் தாவல் கிடையாது. ஆனால் இன்று யார் பாடினாலும், பள்ளி ஆண்டுவிழாவிலிருந்து கரோக்கே கூடம்வரை, அந்தத் தாவலைச் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் பாட்டையே தவறாகப் பாடியதாகக் கேட்பவர்கள் நினைப்பார்கள். ஒரு பாடகரின் மனோதர்மம் மெட்டின் பகுதியாகவே ஆகிவிட்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஹாமில்டன் மன்றாடினார் என்றேன். ஹாட்ஃபீல்டோ, அதுவரை பொறுமையாக இருந்து சட்டென்று ஓரிடத்தில் உடைந்துபோகிறவரைப் போலப் பாடுகிறார். ‘அன்செயின்ட்’ படத்தைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்குமோ, வேலியோரம் நிற்கும் அந்தக் கைதி 1965ஆம் ஆண்டுப் பதிவில் முழுமையாக இருக்கிறான்.

எல்விஸ் பிரஸ்லியின் பதிவு 1977ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் மேடையில் எடுக்கப்பட்டது. ஜூன் மாதம் ராபிட் சிட்டியில் பாடியது படமாகவும் இருக்கிறது. உடல் வீங்கி, வியர்த்து, பியானோவின் முன் அமர்ந்து தாமே வாசித்துக்கொண்டு பாடுகிறார். நண்பர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆகஸ்ட் 16இல் அவர் இறந்துவிட்டதால், அந்தக் காட்சியைப் பார்ப்பவர்கள் எல்லோரும் அதில் விடைபெறுதலைக் காண்கிறார்கள். எனக்கு அந்த வாசிப்பில் உடன்பாடு குறைவு. எல்விஸுக்கு ஹாமில்டன் ஒரு வழிகாட்டி. 1969இல் மெம்ஃபிஸில் இருவரும் சந்தித்தபோது எல்விஸ் தாம் பதிவு செய்வதற்கென இருந்த ஒரு பாட்டையே அவருக்குக் கொடுத்துவிட்டார். அவ்வாண்டிலேயே ஹாமில்டன் நாற்பது வயதில் மறைந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து எல்விஸ் பியானோவில் இதைப் பாடும்போது, அந்த ஏற்றத்தை என்னாலும் ஏற முடியும் என்று காட்டும் ஒரு பாடகரின் பெருமிதம்தான் எனக்கு முதலில் கேட்கிறது. நோயும் சோர்வும் அந்தப் பெருமிதத்தைத் தடுக்கவில்லை.

பிறகு ‘கோஸ்ட்’ வந்தது. கொலையுண்ட காதலன் ஆவியாகக் காதலியைச் சுற்றி வரும் கதைக்கு, பிரிவும் காத்திருப்பும் நிறைந்த இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. பின்னணி இசையமைத்த மாரிஸ் ஜார் இந்த மெட்டையே படம் நெடுகிலும் பயன்படுத்தினார். ஆனால் பாட்டு முழுதாக ஒலிக்கும் காட்சியில் பிரிவே இல்லை. இருவரும் களிமண்ணில் கைகோத்து இன்பமாக இருக்கிறார்கள். கைதியின் பாட்டு காதலர் பாட்டாக உலகெங்கும் நிலைபெற்றது அந்தக் காட்சியில்தான். படம் ஓடத் தொடங்கியதும் மக்கள் இசைத்தட்டைக் கேட்டுக் கடைகளுக்குப் போனார்கள். 1965ஆம் ஆண்டுப் பதிவு வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. ரைச்சஸ் பிரதர்ஸ் உடனே கர்ப் நிறுவனத்துக்காக அதே பாட்டைப் புதிதாகப் பாடிக் கொடுத்தார்கள். ஐம்பது வயதிலும் ஹாட்ஃபீல்டுக்கு அந்தத் தாவல் கைவசம் இருந்தது. விளைவாக, ஒரே குழு பாடிய ஒரே பாட்டின் பழைய பதிவும் புதிய பதிவும் ஒரே சமயத்தில் பில்போர்டின் முதல் இருபதுக்குள் இருந்தன. பிரிட்டனில் பழைய பதிவு நான்கு வாரம் முதலிடத்தில் இருந்து, 1990இல் மிக அதிகமாக விற்ற சிங்கிளாகவும் ஆனது. இன்று இணையத்தில் பாட்டைத் தேடுபவர்களுக்கு ஒரு சொல்: பழம்பாட்டுத் தொகுப்புகள் பலவற்றில் இருப்பது 1990ஆம் ஆண்டுப் பதிவு. பாட்டு அதேதான், பாடியவரும் அவரேதான், ஆனால் டிரம்ஸின் ஒலி தொண்ணூறுகளைச் சேர்ந்தது, எதிரொலி பளபளக்கிறது. 1965ஆம் ஆண்டுப் பதிவைத் தேடிக் கேளுங்கள்.

ஹாட்ஃபீல்ட் 2003 நவம்பரில், மிச்சிகனின் கலமஸூ நகரில், அன்றிரவு கச்சேரி இருந்த நிலையில் ஓட்டல் அறையில் காலமானார். அந்த ஆண்டு மார்ச்சில்தான் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் அவர்களைச் சேர்த்திருந்தார்கள்.

பதிப்பகத்திடமிருந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்கும், அங்கிருந்து திரைப்படத்துக்கும் கைமாறிய பாட்டு அடுத்துத் தொலைக்காட்சியிடம் போய்ச்சேர்ந்தது. பிரிட்டனின் ஐடிவியில் ஒளிபரப்பான ‘சோல்ஜர் சோல்ஜர்’ தொடரில் ராணுவ வீரர்களாக நடித்த ராப்சன் கிரீனும் ஜெரோம் ஃபிளின்னும் ஒரு திருமணக் காட்சியில் இதைப் பாடினார்கள். அந்தத் தட்டு எங்கே கிடைக்கும் என்று நேயர்கள் கேட்கத் தொடங்க, அப்போது இசைத்தட்டு நிறுவன அதிகாரியாக இருந்த சைமன் கவல், தயங்கிய அந்த இரு நடிகர்களையும் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைத்தார். 1995 மே மாதம் வெளியான பதிவு ஏழு வாரம் முதலிடத்தில் இருந்து, அந்த ஆண்டின் மிக அதிகமாக விற்ற சிங்கிள் ஆயிற்று. பல்ப் குழுவின் ‘காமன் பீப்பிள்’ இரண்டாம் இடத்திலேயே நின்றுபோனதற்குக் காரணம் இதுதான் என்பதால், அந்தத் தலைமுறை ரசிகர்கள் இதை இன்றும் மன்னிக்கவில்லை. 2002இல் ‘பாப் ஐடல்’ என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற பதினேழு வயது கேரத் கேட்ஸ் பாடிய பதிவும் முதலிடத்தைப் பிடித்தது. நான்கு வெவ்வேறு கலைஞர்கள் பாடி நான்கு முறையும் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பெற்ற பாட்டு அதுவரை வேறொன்று இருந்ததில்லை. இந்த இரண்டு பதிவுகளிலும் குரலில் பழுதில்லை, சுருதி சுத்தம், தாவலும் உரிய இடத்தில் நிகழ்கிறது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது பாடுபவருக்குப் பதிலைப் பற்றிய கவலை இல்லை. அரங்கின் கைதட்டல் நிச்சயமாக வரும் என்று தெரிந்தவர்களின் பாட்டு அது.

சந்தடியில்லாமல் வந்த இரண்டு பதிவுகளைப் பற்றிச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன் என்றும் சொல்லலாம். ஒன்று, வில்லி நெல்சன் 1978இல் வெளியிட்ட ‘ஸ்டார்டஸ்ட்’ தொகுப்பில் உள்ளது. புக்கர் டி. ஜோன்ஸ் தயாரித்த அந்தத் தட்டில் நெல்சன் தாளத்துக்குச் சற்று முந்தியும் பிந்தியும், பேசுவதுபோலவே பாடுகிறார். உச்சத்தை நோக்கி ஏறவே இல்லை. 1955க்குப் பிறகு டங்கனுக்கு மிக அருகில் வந்தவர் அவர்தான் என்பேன்.

மற்றொன்று, கனடாவின் ஜோனி மிட்செல் 1982இல் ‘வைல்ட் திங்ஸ் ரன் ஃபாஸ்ட்’ தொகுப்பில் பாடிய ‘சைனீஸ் கஃபே / அன்செயின்ட் மெலடி’. இதை மறுஆக்கம் என்று சொல்வதுகூட முழுப் பொருத்தமாகாது. நடுவயதை அடைந்த ஒரு பெண், தன்னோடு வளர்ந்த தோழியிடம், ஊரில் இளமையில் உட்கார்ந்திருந்த உணவகத்தையும் அங்கே காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியையும் நினைவுகூரும் சொந்தப் பாட்டு அது. அந்தப் பெட்டியிலிருந்து வருவதுபோல நார்த்தின் மெட்டு உள்ளே நுழைகிறது, காலம் மெதுவாக நகர்வதைப் பற்றிய ஸாரெட்டின் வரிகள் வருகின்றன. தோழியின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதைச் சொல்லும் அந்தப் பெண், தன் பிள்ளை தனக்கு அந்நியம் என்றும், பெற்றேன், வளர்க்க முடியவில்லை என்றும் போகிறபோக்கில் ஒரு வரி சொல்லிவிடுகிறாள். அந்த வரியைக் கேட்ட பிறகு, தொட்டுணர ஏங்கினேன், இன்னும் எனக்குரிமையா என்ற பழைய சொற்கள் காதலனை நோக்கியவையாக ஒலிக்க மறுக்கின்றன. 1982இல் அந்தத் தட்டை வாங்கிய பெரும்பாலோருக்கு அது கற்பனை வரியாகவே பட்டிருக்கும். மிட்செல் 1965ஆம் ஆண்டு, மணமாகாத இருபத்தொரு வயதில், டொரன்டோவில் ஒரு பெண்குழந்தையைப் பெற்று, வளர்க்க வழியின்றித் தத்துக் கொடுத்திருந்தார் என்ற செய்தி பொதுவெளிக்கு வந்தது 1990களில்தான். தாயும் மகளும் 1997இல் சந்தித்தார்கள்.